முகவரிச் சான்று

2009 அக்டோபர் 12, திங்கட்கிழமை காலை, சிதம்பரம் மாலைகட்டித் தெருவிலுள்ள என் வீட்டுக்கு இருவர் வந்தனர். ஒருவர் கைபேசி நிறுவனத்துக்காகப் பாக்கி வசூலிக்கும் இளவரசு. மற்றவர் கடலூர் முதுநகரிலிருந்து வந்த என் சம்பந்தி வைத்திலிங்கம்.

பாக்கி பதினான்காயிரம் ரூபாய். இணைப்பு என் மகள் சந்திரலேகாவின் பெயரில் இருந்தது. பேசியதெல்லாம் என் மருமகன்.

மணமாகிச் சென்ற பின்னும் அவள் பெயரை என் குடும்ப அட்டையிலிருந்து நான் நீக்கவில்லை. அந்த அட்டையின் நகலையே மருமகன் முகவரிச் சான்றாகக் கொடுத்திருந்தார். ஆகவே கடன் என் வாசலைத் தேடி வந்தது.

இளவரசு தெருவுக்கே கேட்கும்படி பேசினார். நான் கதவை அகலத் திறந்து வைத்தேன். கேட்பவர்கள் முழுவதும் கேட்கட்டும்.

சம்பந்தி குரலைத் தாழ்த்தினார்.

"பொண்ணு இங்க இல்லன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க சம்பந்தியம்மா. தீபாவளிக்குள்ள நான் கூட்டிட்டுப் போயிடறேன். பில்ல எம்புள்ள கட்டிடுவான்."

"எழுதிட்டீங்கன்னா நான் ஏம்மா இந்தப் பக்கம் வரப்போறேன்" என்றார் இளவரசு.

என்னிடமே திரும்பி வந்துவிட்டிருந்த சந்திரலேகா கூடத்துத் தூணருகே நின்றிருந்தாள். சம்பந்தி அவள் பக்கம் திரும்பினார்.

"போன்ல அவ்ளோ பேசத் தெரிஞ்சவளுக்கு இப்ப வாயத் தொறக்கத் தெரியலியா?"

அவள் முகத்தைத் திருப்பி, இடக்காதை அவர் பக்கம் காட்டினாள்.

"என்னா மாமா சொன்னீங்க?"

அவர் இளவரசின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் காகிதம் கேட்டு வாங்கி எழுதினேன்: 'சந்திரலேகா இம்முகவரியில் நிரந்தரமாக வசிக்கிறாள். இக்கடன் அவளுடையதன்று.' தேதியிட்டுக் கையொப்பமிட்டேன்.

"இப்படி எழுதினா கேஸ் உங்க வீட்டுக்குத்தாம்மா வரும்" என்றார் இளவரசு.

"வரட்டும். விலாசம் சரியாத்தான் இருக்கு."

அந்தக் கைபேசியை அவள் எடுத்தது ஒரே ஒருமுறை. ஆடி மாதத்தில், என்னை அழைப்பதற்காக. "யாரு பேசறது?" என்றேன். பதிலாக மருமகன் அவளை அறைந்த ஓசை கேட்டது. அன்றிலிருந்து அவளுக்கு வலக்காது கேட்பதில்லை.

இறுதியில் முடிவானது இது. பணம் கட்டப்படாது. வழக்கு வந்தால் நானும் சந்திரலேகாவும் நீதிமன்றம் செல்வோம். நடந்ததை அவளே சொல்வாள். குடும்ப அட்டையில் அவள் பெயர் இருந்த இடத்திலேயே இருக்கும்.