பூசையில் வைத்த நாவல்

நோர்வேயின் வெஸ்ட்லிப் பகுதியில் இருந்த வீட்டில் சரஸ்வதி படத்தின் முன் புத்தகங்களை அடுக்கிப் பூவும் வைத்தாயிற்று. மேலே கிடந்தது ஒரு மந்திரக்கதை நாவல்.

“ஒரு அத்தியாயம் மட்டும்,” செல்வமலர் கெஞ்சினாள். “அந்தக் கம்பியா நாட்டுப் பெட்டை பரம்பரை மந்திரத்தை மறந்து ஆத்திலை மூழ்கித் தாண்டுபோறாள். பிழைப்பாளோ தெரியாமல் என்னெண்டு இருக்கிறது?”

“பூசைக்கு வைச்சதைத் தொடக்கூடாது. நாளைக்கு விசயதசமி, எடுத்து வாசிக்கலாம்,” என்றாள் சோபிகா.

“இண்டைக்கு விட்டால் படிச்ச சொல்லெல்லாம் மறந்துபோம்.”

“அழிச்சாட்டியம் பண்ணக்கூடாது.”

செல்வமலரின் முகம் வாடியது. நோர்வேக்கு வந்த பதினெட்டு வருடத்தில், அந்நாட்டு மொழியில் அவள் வாசிக்கத் துணிந்த முதல் புத்தகம் அது. பன்னிரண்டு வயது மகள் வாசித்து முடித்துக் கொடுத்தது.

சோபிகாவுக்கு மனம் இளகியது. “தொடாமல் நான் சொல்லுறன் அம்மா. கடைசியிலை அவள்...”

செல்வமலர் மகளின் வாயைப் பொத்தினாள்.

“சொல்லிப்போடாதை பிள்ளை. நானே வாசிச்சு அறியவேணும்.”