கேஸ் குழாய் எங்கே?

“கேஸ் குழாய் எங்கம்மா?”

கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டே புது அடுக்குமாடி வீட்டின் சமையலறையைச் சல்லடை போட்டுச் சலித்துக்கொண்டிருந்தார் தம்பி. பெயிண்ட் நெடி அப்படி. கூட வந்த அக்கா, ஓய்வுபெற்ற டீச்சர், சாவகாசமாக ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“கிடையாது சார். அடுப்பு, வெந்நீர் எல்லாமே கரண்ட்தான்” என்றாள் வீட்டைக் காட்டிய விற்பனைப் பெண்.

“பக்கத்து வீட்ல?”

“அங்கயும் இல்ல சார்.”

“கரண்ட் போயிட்டா?”

“ஜெனரேட்டர் இருக்கு சார்.”

அவர் விடுவதாக இல்லை. அடுப்பின் கண்ணாடியைத் தட்டினார். அலமாரிக்குள் தலையை விட்டார். சிங்க்குக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

டீச்சர் அவள் காதோரம் வந்தார். “எனக்குன்னு ஒரு வீட்ல என் இஷ்டத்துக்கு இருக்கணும்னு ஆசைம்மா. இவன் தலையாட்டினாத்தான் நடக்கும். பார்த்த அஞ்சு வீட்டையும் சமையலறையிலேயே வேணாம்னுட்டான்.”

அவளுக்குப் பாவமாக இருந்தது. தீயைக் கண்ணால் பார்க்காவிட்டால் அது சமையலே இல்லை என்று நினைக்கிற மனுஷர் போலிருக்கிறது!

“கவலைப்படாதீங்க சார். உங்களுக்காக வேணா ஒரு சிலிண்டர் வெச்சுக்க ஏற்பாடு பண்ணிடறேன்.”

தம்பியின் முகம் சுருங்கியது. “ஓஹோ, அப்படி வேற வெச்சுக்கலாமா? வாக்கா, போகலாம்.”

டீச்சரின் கண்கள் கலங்கிவிட்டன. “முழுக்க கரண்ட்னு விளம்பரத்தைப் பார்த்துத்தானே இவனை இழுத்துட்டு வந்தேன்...”

பெண் பதறிப்போனாள். “ஐயோ சார், வியாபாரம் கைவிட்டுப் போயிடுமோன்னு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்! சிலிண்டரை வாசலைத் தாண்டவே விடமாட்டாங்க. சத்தியமா!”

அவர் வாசலில் நின்றார். “நிஜமா? ஒரு வீட்லகூட இல்லையே?”

“ஒண்ணுலகூட இல்ல சார்.”

“அப்போ அக்கா பேருக்கே எழுதிடுங்க.”

பெண் வாயைப் பிளந்தாள். “கேஸ் இல்லாததுதானே சார் உங்களுக்குக் குறை?”

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

“ஒரு காய்ச்சல்ல என் மூக்கு செத்துப்போச்சும்மா. போன மாசம் கேஸ் கசிஞ்சு இவன் வீடே நாறிக் கிடந்துருக்கு, நான் பாட்டுக்குத் தீப்பெட்டியைக் கையில எடுத்துட்டேன். நல்லவேளை, இவன் ஓடிவந்து தட்டிவிட்டான். ஆமா, இங்க பெயிண்ட் வாடை ரொம்பவா அடிக்குது?”