தறி நின்ற நேரம்

"சத்தத்துல காது கேக்காதும்மா, செத்த நேரம் நிறுத்தச் சொல்லிட்டேன்." தறி முதலாளி நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டு உட்காருகிறார். ராஜபாளையத்தை ஒட்டி, பேண்டேஜ் துணி நெய்கிற கொட்டகை. கூரை இடுக்கு வெயிலில் பஞ்சுத் தூசி மெதுவாக இறங்குகிறது. பொது சுகாதார மேற்படிப்பு ஆய்வுக்கு வந்திருக்கும் சப்ரீன், "இருமல் இருக்கா அக்கா?" என்கிறாள். "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்று சொன்ன தறிக்காரி செல்லத்தாய் உதட்டை இறுக மூடிக்கொள்கிறாள். தொண்டை ஏறி இறங்குகிறது, கண்ணில் நீர் முட்டுகிறது. தனியாக வைத்துத்தான் கேட்க வேண்டுமென்று வகுப்பில் சொன்னார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் முதலாளியை எப்படி எழுப்பி அனுப்புவதென்று சொல்லவில்லை. "தறி ஓடட்டும் அண்ணாச்சி, எனக்குக் கேக்கும்." கொட்டகை மறுபடி அதிர்கிறது. அந்த இரைச்சலுக்குள் செல்லத்தாய் குனிந்து, தோள் குலுங்கக் குலுங்க இருமுகிறாள். முதலாளியின் கண் சப்ரீனின் பேனா மேலேயே இருக்கிறது.