நான்காவது புகார்ச் சீட்டு

"இன்னைக்கும் விமானம் நடுங்குச்சாம். இது நாலாவது சீட்டு."

விமானக் கொட்டகையில் ஸ்பானரும் கையுமாக நின்ற மெக்கானிக், புகார்ச் சீட்டைக் கணவரிடம் நீட்டினாள். அந்த நான்கு இருக்கை விமானத்தை ஓட்டுபவர் அவர்தான். ஜாக்கெட் பாக்கெட்டிலிருந்து கையை எடுக்காமலே எட்டிப் படித்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"எப்படித் தெரியும்? பக்கத்துல அவ உக்காந்திருந்தா பூமியே ஆடினாலும் உங்களுக்குத் தெரியாது."

"ஆரம்பிச்சிட்டியா," என்று நகர்ந்துவிட்டார்.

முன்பெல்லாம் கொட்டகையிலிருந்து கேன்டீன் வரை இவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். இரண்டு மாதமாக அது இல்லை. வரைபடத்துக்காக மேலிருந்து நிலத்தைப் படம் எடுக்க அந்தக் கேமராக்காரி வந்து சேர்ந்ததும் இரண்டு மாதம் முன்புதான். நான்கு சீட்டையும் எழுதியது அவள்.

வயிறு எரிந்தாலும் வேலையில் அவள் குறை வைக்கவில்லை. பிளக்குகளை மாற்றினாள். எஞ்சினைத் தாங்கும் ரப்பர்களை அழுத்திப் பார்த்தாள். ப்ரொப்பல்லரைக் கழற்றி, அரைச் சுற்று திருப்பி மாட்டினாள். அப்படித் திருப்பியதும் நடுக்கம் மாறினால் குற்றம் ப்ரொப்பல்லரில், மாறாவிட்டால் எஞ்சினில். தரையில் எஞ்சினை ஓட்டிப் பார்த்தால், மாறுவதற்கு நடுக்கமே இல்லை.

கேமராக்காரியைக் கூப்பிட்டாள். "நீ எடுத்த படத்தைக் காட்டு."

காட்டினாள்.

"விமானம் நடுங்கினா படம் கலங்கணுமே. இதுல எங்கம்மா கலங்கியிருக்கு? கொடியில காயிற சட்டையோட கட்டம்கூடத் தெரியுது."

கேமராக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்களே ஒருநாள் எங்ககூட வாங்கக்கா. உக்காந்து பாத்தாத்தான் தெரியும்."

'எங்ககூட'வாம். மெக்கானிக்குக் காது மடல் சுட்டது. பொய்ப் புகார். புகார் எழுதினால் சோதனைப் பறப்பு. பறந்தால் இன்னும் ஒரு மணி நேரம் அவர் பக்கத்தில்.

"வரேன். நாளைக்கே வரேன். உன் இடத்துல நான். நீ பின்னாடி."

"சரிக்கா," என்று கேமராக்காரி பெருமூச்சு விட்டாள்.

கணவர் தடுத்துப் பார்த்தார். "நீ எதுக்கு? வீணா எடை."

"கல்யாணமாகி பதினாறு வருஷம் கழிச்சு என் எடை உறுத்துதா?"

மறுநாள் மூவரும் பறந்தார்கள். மேலே போயும் இருக்கை நடுங்கவில்லை. கதவு நடுங்கவில்லை. மெக்கானிக் வெற்றியோடு பின்னால் திரும்பினாள்.

"எங்க நடுங்குது? சொல்லு பாப்போம்."

"உங்க முன்னாடி இருக்கிற ஸ்டீரிங்ல கை வச்சுப் பாருங்கக்கா."

சின்ன விமானத்தில் முன்னிருக்கை இரண்டுக்கும் தனித்தனி ஸ்டீரிங் உண்டு. உள்ளே இரண்டும் பிணைந்தவை. ஒன்று அசைந்தால் மற்றதும் அசையும். மெக்கானிக் இரண்டு விரலை வைத்தாள். நடுங்கியது. நிஜமாகவே நடுங்கியது.

எண்ணிப் பார்த்தாள். ப்ரொப்பல்லர் கோளாறு என்றால் நொடிக்கு நாற்பது துடிப்பு, எண்ணவே வராது. ஒரு சிலிண்டர் சரியாக எரியாவிட்டால் அதில் பாதி. இதுவோ நொடிக்கு ஐந்துதான். இவ்வளவு மெதுவாகத் துடிக்கிற பாகம் இந்த விமானத்திலேயே கிடையாது.

"ஒரு நிமிஷம் கையை எடுங்க," என்றாள் கணவரிடம்.

அவர் கையை எடுத்து ஜாக்கெட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். ஸ்டீரிங் அசையாமல் நின்றது.

தரையிறங்கியதும் கேமராக்காரி மெல்ல அருகில் வந்தாள்.

"அவருக்குக் கை நடுங்குதுன்னு நான் எப்படிக்கா எழுதிக் கொடுக்கிறது? விமானம் நடுங்குதுன்னு எழுதினாத்தானே நீங்க வந்து உக்காருவீங்க."