இரண்டு நிமிட ஆட்டம்

டிவியை அணைத்துவிட்டுக் கணவன் துளசிராமிடம் சீறினாள் ரம்யாஸ்ரீ.

"பாலகணேஷ் ஒன்பது வருசமா அந்த ரிங்குல விழுந்து எந்திரிக்கிறான். நேத்து வந்தவன்கிட்ட ரெண்டே நிமிசத்துல தோக்குற மாதிரியா கதை எழுதுறது?"

"ரெஸ்லிங்னா முன்னாடியே எழுதி வைக்கிறதுதானே."

"அது எனக்கும் தெரியும். நம்ம ஊரு விளாங்குடியில அம்புட்டு பேரும் எழுதினவனைத்தான் திட்டுறாங்க."

"திட்டட்டும்."

"எழுதினது நீங்க. என் தம்பியை அசிங்கப்படுத்த எப்படி மனசு வந்துச்சு?"

துளசிராம் போனில் இருந்த ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டினான்.

"அவனுக்குக் கழுத்தெலும்பு விலகியிருக்கு. இன்னொரு தடவை மோசமா விழுந்தா நடக்கவே முடியாதாம். உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு அவனே கெஞ்சினான். கடைசியா ஒரு மேட்ச் ஆடியே தீரணும்னு கம்பெனியில சொல்லிட்டாங்க. அதான் ரெண்டு நிமிசத்துல முடிச்சேன்."

ரம்யாஸ்ரீ போனை வாங்கி ரிப்போர்ட்டைப் படித்தாள். கோபம் மட்டும் குறையவில்லை.

"அந்த ரெண்டு நிமிசத்தையும் ஏன் எழுதினீங்க?"