தலைவர் வீட்டுக்காரர்

ஊராட்சித் தலைவராக ஜெயித்தவர் மாடத்தி. ஆனால் ஊர் "தலைவரே" என்று கூப்பிடுவது அவர் கணவர் சுடலைமுத்துவைத்தான். கூட்டத்தில் பேசுபவரும் அவரே. "அவளுக்கு என்ன தெரியும்?" என்பார்.

மாவட்டத்துப் பெண் தலைவர்கள் எல்லாரும் சாலையில் உட்கார்ந்து, அடிபட்டு, சிறைக்கும் போய் வாங்கி வந்ததுதான் ஊராட்சிக் கூட்டத்துக்கான புது மைக். ஜெயித்தவரின் குரலை மட்டும் ஊருக்கே கேட்கவைக்கும். தலைவர் நாற்காலியில் வேறு யார் உட்கார்ந்து பேசினாலும் சத்தத்தை அப்படியே விழுங்கிவிடும்.

மைக் வந்தபின் நடந்த முதல் கூட்டத்தில் சுடலைமுத்து வழக்கம்போல் தலைவர் நாற்காலியில் அமர்ந்து குடிதண்ணீரைப் பற்றி முழங்கினார். வாய் அசைந்தது, கை ஆடியது, சத்தம்தான் இல்லை. கைதட்ட வந்தவர்கள் முழித்தார்கள். "மைக் ரிப்பேரா?" என்று கேட்டுப் பார்த்தார். அதுவும் வெளியே வரவில்லை.

பின்னால் நின்ற மாடத்தி குனிந்து அவர் காதோடு சொன்னார்.

"ஏங்க, எந்திரிங்க. அது என் சேரு."

பஸ் ஸ்டாண்டு ஒலிபெருக்கி வரைக்கும் கேட்டது.

மறுநாள் காலை வாசலில் யாரோ, "தலைவரே!" என்றார்கள். பல் துலக்கிக்கொண்டிருந்த சுடலைமுத்து பழக்கத்தில் வாயைத் திறந்தார். பிறகு, பக்கத்தில் எங்காவது மைக் இருக்கிறதா என்று சுற்றுமுற்றும் பார்த்தார். இல்லை. இருந்தாலும் சொன்னார்:

"உள்ள இருக்காங்க. கூப்பிடுதேன்."