ஒரே ஒரு லெட்டர்

"ஐயோ, நிறுத்துய்யா!" மேனேஜர் அலறினார். "வேலை இல்லைன்னு சொல்ல வேண்டியவங்களுக்கெல்லாம் வேலை போட்டுக் கொடுக்குது உன் புரோகிராம்!"

ஜாவாஸ்கிரிப்ட்டில் நான் எழுதியதுதான். எண்ணூறு பேருக்கு வரிசையாக ஈமெயிலில் லெட்டர் போகும். ஒன்று போய் முடிந்தால்தான் அடுத்தது கிளம்பும். தேர்வானவர்கள் பட்டியலுக்குப் பதிலாக, தேறாதவர்கள் பட்டியலைக் கொடுத்துத் தொலைத்திருக்கிறேன்.

பிரவுசரை மூடினேன். ஓடுவது சர்வரில், அது பாட்டுக்கு ஓடியது. மறுபடி திறந்து, ரத்து பட்டனைக் குத்து குத்தென்று குத்தினேன்.

"நின்னுதா?"

"நின்னுடுச்சு சார். ஆனா கிளம்பினதைப் பிடிக்க முடியாது, அடுத்ததைத்தான் தடுக்க முடியும். முதல் லெட்டர் போயிடுச்சு."

"ஒண்ணே ஒண்ணா? அப்பாடா! யாரோ என்னமோ, சாயங்காலம் ஒரு ஸாரி போட்டு விட்டுடலாம்."

போன உயிர் திரும்பி வந்தது. எனக்கும் அந்த ஆள் யாரென்று பார்க்கத் தோன்றவில்லை.

மத்தியானம் மனைவி போன் செய்தாள்.

"என்னங்க, வேலையை ராஜினாமா பண்ணிட்டேன்! பண்ண கையோட எங்க மேனேஜரை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வியும் கேட்டுட்டேன்!"

"ஐயோ, என்ன காரியம் பண்ணே? உன் சம்பளத்துலதானே வீட்டு லோனே ஓடுது!"

"கவலைப்படாதீங்க, இதைவிட நல்ல வேலை கிடைச்சாச்சு. கிடைக்கலைன்னா கேலி பண்ணுவீங்கன்னுதான் உங்ககிட்ட மறைச்சேன். உங்க ஆபீஸ்லதாங்க! காலையில லெட்டர் வந்துச்சு!"